கோதுமையை நிறுத்திய பிறகும் குளூட்டன் எங்கிருந்து வருகிறது?

கேள்வி சுருக்கமாக இதுதான்: பத்து வயதுப் பெண்ணுக்கு சீலியாக் நோய் (கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் சிறுகுடலைப் பாதிக்கும் நோய்) என்று உறுதியாகி எட்டு மாதம் ஆகிறது. கோதுமை, மைதா, ரவை, சேமியா, ரொட்டி, பிஸ்கட் எல்லாம் அன்றோடு நின்றுவிட்டன. ஆனாலும் வயிற்று உப்புசம் முழுதாகப் போகவில்லை. டிடிஜி (சீலியாக் நோயில் உயரும் எதிர்ப்பொருளை அளக்கும்) ரத்தப் பரிசோதனை எண் கொஞ்சம் இறங்கி, அங்கேயே நிற்கிறது. வீட்டில் மற்றவர்கள் கோதுமை சாப்பிடுகிறார்கள். அன்றாடச் சமையல் பொருள்களில் குளூட்டன் எங்கே ஒளிந்திருக்கிறது, அதை எப்படித் தேடிப் பிடிப்பது?

முதலில் அளவைப் பார்த்துவிடுவோம். அளவு தெரியாவிட்டால் தேவையில்லாத இடத்தில் பயப்படுவோம், பயப்பட வேண்டிய இடத்தில் கோட்டை விடுவோம்.

கோதுமை மாவின் எடையில் ஏறக்குறைய 8 முதல் 10 சதவீதம் குளூட்டன். தலை தட்டிய ஒரு தேக்கரண்டி மாவு இரண்டரை கிராம் இருக்கும். அதில் 200 மி.கி.க்கு மேல் குளூட்டன் உண்டு. சீலியாக் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு நாளைக்கு 10 மி.கி. வரை தீங்கில்லை என்று கொள்வது வழக்கம். 2007-இல் வெளியான இத்தாலிய ஆய்வில், தினமும் 50 மி.கி. வீதம் மூன்று மாதம் எடுத்துக்கொண்டவர்களின் குடலுறிஞ்சிகள் (சிறுகுடலின் உட்சுவரில் சத்தை உறிஞ்சும் நுண்ணிய விரல் போன்ற நீட்சிகள்) தேயத் தொடங்கியிருந்தன. அந்த 10 மி.கி. என்பது ஒரு தேக்கரண்டி மாவில் இருபதில் ஒரு பங்கு. விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு வருகிற மாவு, அவ்வளவுதான்.

இதிலிருந்து தேடலின் திசை தெரிந்துவிடுகிறது. எண் இறங்காமல் அப்படியே நிற்கிறது என்றால், என்றோ ஒரு நாள் தவறிப்போய் சாப்பிட்ட துண்டு கேக் பெரும்பாலும் காரணமாக இருக்காது. தினமும், ஒவ்வொரு வேளையும், துளித்துளியாக ஏதோ ஒன்று உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. அதனால் "எந்தப் பொருளில் குளூட்டன் இருக்கலாம்" என்று நூறு பெயர்கள் கொண்ட பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட, "தினமும் என்னென்ன போடுகிறோம்" என்ற சின்னப் பட்டியலைத் தலைகீழாகக் கொட்டிப் பார்ப்பது பலன் தரும்.

அப்படிப் பார்த்தால் பெருங்காயம்தான் முதலில் மாட்டும். செடியின் வேரிலிருந்து வடியும் பிசினில் குளூட்டன் கிடையாது. ஆனால் அந்தப் பிசின் அப்படியே சமையலுக்குப் போட முடியாத அளவு வீரியமானது, ஒட்டிக்கொள்ளவும் செய்யும். அதனால் மாவும் வேலம்பிசினும் சேர்த்து நீர்க்கச் செய்துதான் விற்கிறார்கள். கூட்டுப் பெருங்காயம் என்பது அதுதான். சேர்க்கும் மாவு பல நிறுவனங்களில் கோதுமை மாவு அல்லது மைதா; சிலவற்றில் அரிசி மாவு. கட்டியாக இருந்தால் சுத்தம் என்று நினைக்கிறவர்கள் நிறைய. கட்டியிலும் மாவு சேர்த்துப் பிசைந்தது உண்டு, ஆகவே அதன் லேபிளையும் படித்துத்தான் ஆக வேண்டும்.

"ஒரு சிட்டிகைதானே" என்ற சமாதானம் சரியா என்று பார்த்துவிடலாம். பொடியில் பாதி கோதுமை மாவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாத்திரத்துக்குக் கால் தேக்கரண்டி பொடி, அதாவது அரை கிராமுக்குச் சற்று மேல். அதில் மாவு சுமார் 300 மி.கி.; குளூட்டன் 27 மி.கி. அந்தப் பாத்திரத்தை நான்கு பேர் பகிர்ந்தால் ஆளுக்கு ஏழு மி.கி. வருகிறது. ஒரு நாளில் இரண்டு பதார்த்தத்தில் போட்டால் பதினான்கு. வேறு எங்கிருந்தும் எதுவும் வராவிட்டாலும் அன்றைய எல்லை தாண்டிவிட்டது. தாளிக்கும்போது எண்ணெய்ச் சூட்டில் குளூட்டன் அழிந்துவிடும் என்பதும் தவறு. சமையல் சூடு எதுவும் அதைத் தீங்கற்றதாக்காது. உங்கள் வீட்டில் தினம் பெருங்காயம் புழங்குமானால், இந்த ஒரு டப்பாவை மாற்றிவிட்டு அடுத்த பரிசோதனையைப் பாருங்கள் என்றுதான் முதலில் சொல்வேன். மாற்று இரண்டு: அரிசி மாவு சேர்த்தது என்றும் குளூட்டன் இல்லாதது என்றும் லேபிளில் எழுதியிருப்பது, அல்லது மாவே கலக்காத பிசின். பிசினுக்கு அளவை நன்றாகக் குறைக்க வேண்டும். மிளகளவு துண்டை வெந்நீரில் ஊறவைத்து, அந்த நீரைச் சிறிது சிறிதாக ஊற்றிப் பாருங்கள். பொடிக்குப் போட்ட அளவைப் போட்டால் வாயில் வைக்க முடியாது.

மாவை இப்படி நிரப்பியாகவோ, ஒட்டாமல் உதிரச் செய்யவோ சேர்க்கும் இடங்கள் வேறும் உண்டு. பேக்கிங் பவுடரில் ஈரத்தை இழுக்க ஸ்டார்ச் சேர்ப்பார்கள். பெரும்பாலும் சோள ஸ்டார்ச்தான், சிலவற்றில் கோதுமை ஸ்டார்ச். ஐசிங் சர்க்கரையும் அப்படியே. அரைத்து விற்கும் கலவை மசாலாக்களில் திரட்சிக்காக மாவு சேர்ப்பதுண்டு. தனி மிளகாய்த் தூள், மல்லித் தூள் போன்றவற்றில் லேபிளில் ஒன்றுமே இருக்காது. ஆனால் கோதுமை அரைத்த அதே இயந்திரத்தில் அரைத்திருந்தால் தூள் வந்து சேரும். சூப் கட்டிகள், கிரேவி மிக்ஸ், சாலட் டிரெஸ்ஸிங், பாட்டிலில் வரும் கடுகு பேஸ்ட், உறைய வைத்த உருளைக்கிழங்கு வறுவல் (மொறுமொறுப்புக்கு மேலே மாவுப் பூச்சு), மசாலா தடவிய கடலை வகைகள், நண்டுக் கறி போலச் செய்த மீன் துண்டுகள், சாசேஜ் ஆகியவற்றிலும் மாவு சாதாரணம். உலர்ந்த அத்திப் பழமும் நறுக்கிய பேரீச்சையும் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க மாவில் புரட்டப்பட்டிருக்கலாம். அரிசி நூடுல்ஸ் என்று முன்பக்கம் எழுதிவிட்டுப் பின்பக்கம் கோதுமை மாவும் சேர்த்திருப்பது உண்டு. பக்வீட் நூடுல்ஸில் பாதிக்கு மேல் கோதுமையாகவே இருக்கலாம்.

இரண்டாவது வழி மால்ட். இதில் ஏமாறுகிறவர்கள் அதிகம், காரணம் கோதுமை என்ற சொல்லே லேபிளில் வராது. மால்ட் என்பது முளைகட்டி உலர்த்திய பார்லி. சத்துப் பானப் பொடிகளில் இதுவே முக்கியப் பொருளாக இருக்கும். சோள அவல் (கார்ன்ஃபிளேக்ஸ்) என்பதால் கவலை இல்லை என்று கொடுக்கிறோம். அதற்குச் சுவையூட்டப் பார்லி மால்ட் சாறு சேர்த்திருப்பார்கள். சாக்லேட், ஐஸ்கிரீம், சில காபி மாற்றுப் பொடிகள் ஆகியவற்றிலும் இது வரும். மால்ட் வினிகரும் வேண்டாம். உங்கள் மகள் தினமும் காலையில் பாலில் கலந்து குடிக்கும் பொடி ஏதாவது இருந்தால், இந்தப் பத்தியை விட்டு எழுந்துபோய் முதலில் அந்த டப்பாவைப் படியுங்கள்.

சோயா சாஸ் தனியாகச் சொல்ல வேண்டியது. வழக்கமான முறையில் சோயாவும் வறுத்த கோதுமையும் ஏறக்குறையச் சம அளவில் சேர்த்து நொதிக்க வைக்கிறார்கள். நொதிக்கும்போது குளூட்டன் சிறு துண்டுகளாக உடைந்துபோகும். சாதாரணப் பரிசோதனைக் கிட் முழுப் புரதத்தைப் பிடிப்பதற்காகச் செய்யப்பட்டது. துண்டுகள் அதன் கையில் சிக்காது. அதனால் "டெஸ்ட் பண்ணிப் பார்த்தேன், சோயா சாஸில் இல்லை என்று வந்தது" என்பதை நம்ப வேண்டாம். சிறு துண்டுகளே குடலில் எதிர்வினையைக் கிளப்பப் போதும். அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் இந்தச் சிக்கலால்தான் 2020-இல் விதியைத் திருத்தியது: நொதித்த, நீராற்பகுத்த (புரதத்தைச் சிறு துண்டுகளாக உடைத்த) உணவுகளுக்கு 'குளூட்டன் இல்லாதது' என்று போட வேண்டுமானால், நொதிக்க வைப்பதற்கு முன்பே மூலப்பொருள் குளூட்டன் இல்லாததாக இருந்தது என்பதற்குப் பதிவேடு காட்ட வேண்டும். தமாரி என்ற வகையில் பெரும்பாலும் கோதுமை இருக்காது. பெரும்பாலும் என்பதால் அதிலும் லேபிள் பார்க்க வேண்டும். மீசோ என்ற ஜப்பானிய நொதித்த சோயா விழுதில் அரிசியும் வரும், பார்லியும் வரும். 'ஹைட்ரலைஸ்டு வெஜிடபிள் புரோட்டீன்' என்று இருந்தால் எந்தத் தாவரம் என்று தெரியும்வரை எடுக்காதீர்கள். 'ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட்' பீர் வடித்து மிஞ்சிய ஈஸ்டிலிருந்து வந்திருந்தால் பார்லி ஒட்டியிருக்கும். ரொட்டிக்குப் போடும் சாதாரண ஈஸ்டில் அது இல்லை.

மூன்றாவது வழி வயலிலேயே தொடங்குகிறது. பயறு வகைகளையும் கோதுமை, பார்லியையும் ஒரே நிலத்தில் மாற்றி மாற்றிப் பயிரிடுவது பல நாடுகளில் வழக்கம். ஒரே இயந்திரம் அறுக்கிறது, ஒரே லாரி ஏற்றுகிறது, ஒரே கிடங்கில் கொட்டுகிறார்கள். அதனால் பருப்புப் பையில் கோதுமை மணி கிடப்பது அரிதல்ல. இங்கே கணக்கு கொஞ்சம் அதிர்ச்சியாகவே இருக்கும். ஒரு கோதுமை மணி சுமார் 40 மி.கி. எடை, அதில் குளூட்டன் ஏறக்குறைய 4 மி.கி. 200 கிராம் பருப்பில் ஒரே ஒரு மணி கிடந்தால் போதும், அது கிலோவுக்கு 20 மி.கி. என்ற எல்லையைத் தொட்டுவிடுகிறது. உலக அளவிலான கோடெக்ஸ் உணவுத் தரத்தில், குளூட்டன் இல்லாதது என்று சொல்வதற்கான உச்ச அளவு இந்த 20 தான்.

நல்ல செய்தி, முழுத் தானியமாக இருக்கும்வரை இதைக் கண்ணால் பிடிக்கலாம். வெளிர் நிறமான பெரிய தட்டில் அரைக் கப் பருப்பை மட்டும் எடுத்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் ஒரே அடுக்காகப் பரப்புங்கள். பகல் வெளிச்சத்தில் பாருங்கள். நிறத்தைத் தேடாதீர்கள், வடிவத்தைத் தேடுங்கள். கோதுமை, பார்லி, ரை, ஓட்ஸ் நான்குக்குமே நீளவாக்கில் ஒரு பக்கம் பள்ளக் கோடு இருக்கும்; எந்தப் பயறுக்கும் அது கிடையாது. சிவப்புப் பருப்பில் கோதுமை உடனே தெரிந்துவிடும். பழுப்பு நிறப் பயறுகளில் அது நிறத்தோடு நிறமாக ஒளிந்துகொள்ளும், அங்கேதான் அந்தக் கோடு உதவும். முழுப் பையையும் ஒரே மூச்சில் பொறுக்க உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் கண் சோர்ந்து கை மட்டும் நகரும். சமைக்கிற அளவை அவ்வப்போது பொறுக்குவதே மேல். பொறுக்கிய பிறகு இரண்டு மூன்று தண்ணீரில் அலசினால் மேலே படிந்த மாவுத் தூசி போகும். மணியைப் பொறுக்காமல் அலச மட்டும் செய்தால் மணி உள்ளேயே இருக்கும். கடுகு, சீரகம், மல்லி விதை போன்றவற்றையும் முழுதாக வாங்கி இதேபோலப் பார்த்துவிட்டு வீட்டில் பொடிப்பது, பொடியாக வாங்குவதைவிட எவ்வளவோ பத்திரம்.

அரைத்து மாவானபின் இந்த வித்தை எதுவும் செல்லாது. 2010-இல் அமெரிக்காவில், இயல்பிலேயே குளூட்டன் இல்லாத தானியம், விதை, மாவு என்று 22 பொருள்களை வாங்கிச் சோதித்தார்கள். எதிலும் 'குளூட்டன் இல்லாதது' என்ற லேபிள் கிடையாது. ஏழில் 20 மி.கி. எல்லை தாண்டியிருந்தது. சோயா மாவு ஒன்றில் கிலோவுக்கு 2,900 மி.கி.க்கும் மேல் இருந்தது. பயறு மாவு, சிறுதானிய மாவு, அரிசி மாவு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்: தானியம் நல்லது, அரைத்த இடம் கெட்டது. பொது ஆலையில் உங்களுக்கு முன் கோதுமை அரைத்திருந்தால், குழாயிலும் கல்லிடுக்கிலும் தங்கிய மாவு உங்கள் மாவோடு வரும். நீங்கள் கொஞ்சம் அரிசியைப் போட்டு அரைத்து அதை ஒதுக்கிவிட்டு அடுத்ததை எடுத்தாலும் குறையுமே தவிர முற்றிலும் போகாது. சீலியாக் உள்ள வீட்டில் இந்தச் சமரசம் வேண்டாம் என்பது என் கருத்து. வீட்டிலேயே, கோதுமை தொடாத மிக்ஸி ஜாரில் அரையுங்கள். இல்லையென்றால் சான்று பெற்ற மாவை வாங்குங்கள்.

ஓட்ஸ் பற்றிய குழப்பம் நியாயமானது. ஓட்ஸில் இருப்பது அவெனின் என்ற வேறு புரதம். சீலியாக் உள்ளவர்களில் பெரும்பாலோர் அதைத் தாங்குகிறார்கள், சிலர் தாங்குவதில்லை. ஆனால் சாதாரண ஓட்ஸ் பாக்கெட்டில் பிரச்சினை அவெனின் அல்ல, அதோடு கலந்து வரும் பார்லியும் கோதுமையும்தான். சான்று பெற்ற ஓட்ஸ் தனியாகவே பயிரிட்டதாகவோ, இயந்திரத்தால் பிரித்தெடுத்ததாகவோ இருக்கும். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் எந்த ஓட்ஸுக்கும் 'குளூட்டன் இல்லாதது' என்று போட விதி இடம் கொடுப்பதில்லை. உங்கள் மகளின் எண் இறங்காத இந்த நேரத்தில் சான்று பெற்ற ஓட்ஸையும் நிறுத்தி வையுங்கள். எண் சீரான பிறகு, மருத்துவரிடம் சொல்லிவிட்டு, தனியாகச் சேர்த்துப் பார்க்கலாம்.

லேபிள் படிப்பதில் மூன்று விஷயம். 'கோதுமை இல்லாதது' என்றால் 'குளூட்டன் இல்லாதது' என்று ஆகாது; பார்லியும் ரையும் இருக்கலாம். அலர்ஜி அறிவிப்பு நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பிய ஒன்றியத்திலும் இந்தியாவிலும் குளூட்டன் உள்ள தானியங்கள் எல்லாவற்றையும் அறிவிக்க வேண்டும். அமெரிக்க அலர்ஜி விதியில் கோதுமை மட்டுமே கட்டாயம், பார்லி வராது. இறக்குமதிப் பொருளில் "கன்டெயின்ஸ்" வரியை மட்டும் பார்த்துவிட்டு வைத்துவிடக் கூடாது என்பது இதனால்தான். "கோதுமை கையாளும் ஆலையில் தயாரானது" என்ற எச்சரிக்கை பல நாடுகளில் நிறுவனம் தானாகப் போடுவது. அது இல்லாத பாக்கெட், இருக்கும் பாக்கெட்டைவிடச் சுத்தம் என்று அர்த்தம் இல்லை. செமோலினா, டியூரம், ஸ்பெல்ட், கமுட், பல்கர், கூஸ்கூஸ், ஃபாரினா, ட்ரிட்டிக்கேல், 'செய்தான்' (seitan) எல்லாம் கோதுமைக் குடும்பத்தின் வேறு வேறு முகங்கள். வழக்கமாக வாங்கும் பொருளையும் ஒவ்வொரு முறையும் படியுங்கள். செய்முறையை மாற்றிவிட்டு அட்டைப் படத்தை மாற்றாமல் விடுவார்கள்.

வீணாகப் பயப்படும் பெயர்களையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் குழந்தைக்குச் சாப்பிட ஒன்றும் மிஞ்சாது. மால்ட்டோடெக்ஸ்ட்ரின் பெயரில் மால்ட் இருந்தாலும் பார்லி மால்ட்டோடு தொடர்பில்லை. அது ஸ்டார்ச்சிலிருந்து எடுப்பது, புரதம் அநேகமாக இல்லை. கோதுமையிலிருந்தே செய்த குளூக்கோஸ் சிரப்பும் டெக்ஸ்ட்ரோஸும் அவ்வளவு சுத்திகரிக்கப்பட்டவை என்பதால் ஐரோப்பாவில் அலர்ஜி அறிவிப்பிலிருந்தே விலக்கு பெற்றவை. காய்ச்சி வடித்த வெள்ளை வினிகர், சிட்ரிக் அமிலம், கேரமல் நிறம் ஆகியவை பரவாயில்லை. மோனோசோடியம் குளூட்டமேட்டுக்கும் குளூட்டனுக்கும் ஒலி ஒற்றுமை மட்டும்தான். பக்வீட் கோதுமை இல்லை; குளூட்டினஸ் அரிசி என்ற ஒட்டரிசியில் குளூட்டன் இல்லை. மாத்திரைகளில் ஸ்டார்ச் இருக்கும், அது கோதுமையாக இருப்பது அபூர்வம், இருந்தாலும் அளவு மிகச் சொற்பம். தினமும் எடுக்கும் மருந்தாக இருந்தால் மருந்தாளுநரிடம் ஒருமுறை கேட்டுக்கொண்டால் போதும். மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

இனி வீட்டுச் சமையலறை. மற்றவர்கள் கோதுமை சாப்பிடும் வீட்டில் இதுவும் தினசரி வழிதான். ஆனால் எல்லோரும் செய்வது என்னவென்றால், புதுப் பாத்திரம் புதுத் தட்டு என்று வாங்கிக் குவித்துவிட்டு, உப்பு டப்பாவைப் பழையதே வைத்திருப்பார்கள். மாவு பிசையும்போது உப்புப் போதவில்லை என்று மாவுக் கையோடு டப்பாவில் விரலை விடுகிறோம் அல்லவா? ஒவ்வொரு தடவையும் சில மி.கி. உள்ளே விழுகிறது, அந்த உப்பு எல்லாச் சமையலுக்கும் போகிறது. சர்க்கரை டப்பா, நெய் டப்பா, மசாலாப் பெட்டி எல்லாவற்றுக்கும் இதே கதை. வெண்ணெய், ஜாம் பாட்டிலில் ரொட்டியில் தடவிய கத்தி திரும்பப் போனால் துணுக்குகள் தங்கும். இவற்றுக்கு மகளுக்கெனத் தனி டப்பா, மூடியில் வேறு நிறம், அவ்வளவு போதும். பொது உப்பைக் கொட்டிவிட்டுப் புதிது நிரப்புங்கள், இனிக் கரண்டியால் மட்டும் எடுங்கள்.

ஸ்டீல், கண்ணாடிப் பாத்திரங்களுக்குத் தனி வேண்டியதில்லை. குளூட்டன் தண்ணீரில் கரையாது, ஆனால் சோப்புப் போட்டுத் தேய்த்தால் மேற்பரப்பிலிருந்து போய்விடும். தேய்க்க முடியாத இடம்தான் ஆபத்து: சல்லடையின் வலைக்கண், மரப் பலகை, உருட்டுக்கட்டை, மிக்ஸி மூடியின் ரப்பர் வளையம், துருவியின் பல்லிடுக்கு. சல்லடை மட்டும் கட்டாயம் இரண்டு வேண்டும். கோதுமை சலித்த சல்லடையைக் கழுவி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால், ஓரத்து மடிப்பில் வெள்ளையாகப் படிந்திருப்பது தெரியும். ஈரம் பட்டுப் பசையாகி, காய்ந்து, அடுத்து சலிக்கும் மாவோடு உதிர்ந்து விழும். பாத்திரம் தேய்க்கும் நாரும் துடைக்கும் துணியும் அப்படித்தான். கைக்குச் சோப்பும் தண்ணீரும் வேண்டும். சானிடைசர் கிருமியைக் கொல்லும், குளூட்டனைத் துடைக்காது.

எண்ணெய் இன்னொன்று. மைதா பூசியதைப் பொரித்த எண்ணெயில் மகளுக்குத் தனியாகப் பொரித்தாலும் துகள்கள் சேரும், வடிகட்டினாலும் சரியாகாது. மாவு பிசைவது, சலிப்பது எல்லாம் அவளுடைய சாப்பாடு மூடி வைத்த பிறகே நடக்கட்டும். பறக்கும் மாவு உடனே அடங்குவதில்லை. வரிசையும் முக்கியம்: முதலில் அவளுக்குச் சமைத்து மூடிவிட்டு, பிறகு மற்றவர்களுக்கு.

சோதனைக் கிட் பற்றிக் கேட்பீர்கள். உண்டு, வீட்டிலேயே பட்டையில் கோடு பார்க்கும் வகை. பெருங்காயப் பொடி, மிளகாய்த் தூள், மாவு போன்ற சீரான பொடிகளுக்கு அது உதவும். டப்பாவைக் குலுக்கி, மேலிருந்து, நடுவிலிருந்து, அடியிலிருந்து எடுத்துக் கலந்து சோதியுங்கள். முழுப் பருப்புக்கு அது பயன்படாது. எடுத்த சிட்டிகையில் அந்த ஒற்றை மணி இல்லாவிட்டால் 'இல்லை' என்றுதான் காட்டும். சோயா சாஸ் போன்ற நொதித்தவற்றுக்கும் ஆகாது. கோகோ, தேயிலை போலத் துவர்ப்புள்ளவற்றில் புரதம் பிணைந்துகொள்வதால் முடிவு பிசகும். கிட்டோடு வரும் குறிப்பில் அதற்கான முறை இருக்கிறதா பாருங்கள். இன்னொரு விசித்திரம், குளூட்டன் அளவுக்கு மிஞ்சி இருந்தால் கோடு மங்கியோ வராமலோ போகலாம். சந்தேகம் இருந்தால் மாதிரியைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்து மீண்டும் பாருங்கள். அயோடின் சொட்டு விட்டு நீலமானால் கோதுமை என்று சொல்வதை நம்பாதீர்கள். அயோடின் காட்டுவது ஸ்டார்ச்சை. அரிசி மாவிலும் நீலமாகும்.

இதையெல்லாம் எந்த வரிசையில் செய்வது? இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். மகள் வாயில் போகும் ஒவ்வொன்றையும் பதார்த்தப் பெயரால் எழுதாமல், அதில் விழுந்த பொருள்களால் எழுதுங்கள்: எண்ணெய், கடுகு, பெருங்காயம், மஞ்சள் தூள், உப்பு என்று. பற்பசை, மிட்டாய், பள்ளியில் பகிர்ந்த தீனி, சத்து மாத்திரை, தினம் தடவும் உதட்டுப் பூச்சு எல்லாம் வர வேண்டும். பிறகு ஒவ்வொரு பொருளுக்கும் எத்தனை நாள் வந்தது என்று எண்ணுங்கள். பத்து நாளுக்கு மேல் வந்தவை இருபது பொருளுக்குள்தான் இருக்கும். அந்த இருபதையும் மூன்றாகப் பிரியுங்கள்: முழுதாக இருப்பவை, ஒற்றைப் பொருளை அரைத்தவை, பல பொருள் கலந்தவை. கலந்தவற்றை அன்றே நிறுத்துங்கள். அரைத்தவற்றை முழுதாக வாங்கி வீட்டில் பொடித்ததாக மாற்றுங்கள். முழுதானவற்றைப் பொறுக்குங்கள். குற்றவாளி எது என்று கண்டுபிடித்துவிட்டுத்தான் நிறுத்துவேன் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தால், ரத்த எண் அவ்வளவு வேகமாக மாறாததால், ஆண்டுக்கணக்கில் ஆகிவிடும். எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றி எண்ணை இறக்கிவிட்டு, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்ப்பதே குறுக்கு வழி.

இதன் கடுமையான வடிவமும் ஒன்று உண்டு. சாதாரண அரிசி, காய், பழம், முட்டை, பால், மசாலா சேர்க்காத இறைச்சி, எண்ணெய், உப்பு என்று பதப்படுத்தாதவற்றை மட்டும் மூன்று முதல் ஆறு மாதம் கொடுப்பது. 2013-இல் வெளியான சிறிய ஆய்வில், சாதாரணக் குளூட்டன் தவிர்ப்பில் குணமாகாத 17 பேரில் 14 பேருக்கு இது பலன் தந்தது. வளரும் குழந்தை என்பதால், உணவியல் நிபுணர் பார்வையில் அல்லாமல் இதில் இறங்க வேண்டாம்.

எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. எட்டு மாதத்தில் டிடிஜி இயல்புக்கு வந்தே ஆக வேண்டும் என்று இல்லை. தொடக்கத்தில் மிக உயரமாக இருந்தால் ஒன்றரை, இரண்டு ஆண்டுகூட ஆகும். இறங்கிக்கொண்டே இருக்கிறதா என்பதைப் பாருங்கள். ஒரே ஆய்வகத்தில் எடுத்த எண்களை மட்டும் ஒப்பிடுங்கள். ஆய்வகம் மாறினால் கிட்டும் அலகும் மாறும், 60 இறங்கி 40 ஆனது என்பதற்கு அர்த்தம் இருக்காது. உப்புசத்துக்குக் குளூட்டன் மட்டும் காரணமாக இருக்க வேண்டியதும் இல்லை: தேய்ந்த குடலுறிஞ்சிகள் ஆறும்வரை பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைவாகவே சுரக்கும், பால் குடித்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் உப்புசம் வருகிறதா என்று அதே நோட்டில் குறித்துக்கொள்ளலாம். மலத்திலும் சிறுநீரிலும் குளூட்டன் துண்டுகளைத் தேடும் பரிசோதனையும் உண்டு. சிறுநீர்ச் சோதனை ஏறக்குறைய முந்தைய ஒரு நாள், மலச் சோதனை முந்தைய சில நாள்கள் உள்ளே போனதைக் காட்டும். நோட்டு போட்ட இரண்டு வாரத்துக்குள் அதை ஒருமுறை எடுத்தால், 'இருக்கிறது' என்று வந்த நாளின் பக்கத்தை நேராகத் திறந்து பார்க்கலாம். மேலே சொன்ன மாற்றங்களுக்குப் பிறகு ஆறு மாதம் கழித்தும் எண் அசையாவிட்டால், நோட்டையும் எல்லா டப்பாக்களின் லேபிள் படங்களையும் எடுத்துக்கொண்டு குடல் மருத்துவரிடம் போங்கள். வாய்ப்பேச்சாக "எதுவுமே கொடுப்பதில்லை டாக்டர்" என்பதைவிட அந்த நோட்டு அவருக்கு உதவும்.